பலகைக்கு அந்தப் பக்கம்

முயல்களுக்குத் தீனி போட்டவரை நான் முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. பாலக்கரை ஆசாமி. கேட்காத கேள்விக்கும் பதில் வைத்திருப்பார். யாரையுமே சுலபத்தில் நம்புகிற சுபாவம் எனக்குக் கிடையாது என்பதும் உண்மைதான்.

திருச்சியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு ரத்தம் எண்ணும் வேலை. டாக்டர் சில முயல்கள் மீது எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சுவார். சிலவற்றை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, கதிர் படாமல் தனிக் கூண்டில் வைத்திருப்பார். எல்லாவற்றின் காதிலும் ஒரு சொட்டு எடுத்து, மைக்ராஸ்கோப்பில் வெள்ளணுக்களை எண்ணிச் சொல்ல வேண்டியது நான். கதிர் பட்டவற்றுக்கு அவை குறைந்தன. எதிர்பார்த்ததுதான். ஆனால் கதிரே படாத முயல்களுக்கும் குறையத் தொடங்கியது.

"ஏம்ப்பா, முயலை மாத்தி வெச்சுட்டியா?" என்று தீனிக்காரரை மடக்கினேன்.

"நான் ஏன் சாமி மாத்தறேன்? தினம் அதுங்க பக்கத்துல உக்காந்து சாப்பிடறது நீங்க. எதையாவது போட்டு வெச்சீங்களோ என்னவோ!"

எனக்குச் சுருக்கென்றது. பிறர் கண் படாமல் சாப்பிட வேண்டும் என்பது எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டு ஆசாரம். அந்தக் கட்டிடத்தில் அதற்குத் தோதான ஒரே மூலை, எக்ஸ்ரே அறையின் மரத்தடுப்புக்குப் பின்னால், கதிர் படாத முயல்களின் கூண்டை ஒட்டித்தான் இருந்தது. கட்டிக்கொண்டு வந்த ததியோன்னத்தில், அதாவது தயிர்சாதத்தில், ஒரு பருக்கைகூட நான் முயலுக்குப் போட்டதில்லை.

மறுநாள் அவரைக் கையும் களவுமாகப் பிடிப்பதென்று, சாப்பிட்ட பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் வரவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் டாக்டர் மெஷினைப் போட்டார். சாப்பாட்டு வேளையில் ஆள் நடமாட்டம் இராது என்று அப்போதுதான் போடுவார். அந்த இரைச்சல் எனக்குப் பழகிய இரைச்சல். சதையைத் தாண்டி எலும்பைக் காட்டுகிற கதிருக்கு இந்தப் பலகை எம்மாத்திரம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. முயல்களைப் பார்த்தேன். அவற்றோடு நானும்தானே இத்தனை மாதமாக இங்கே உட்கார்ந்திருக்கிறேன்!

டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் என் விரலைக் குத்தி ஒரு சொட்டு எடுத்து, தாமே மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு. பயப்படாதீங்க."

"நானும் ஒரு தரம் எண்ணிப் பார்த்துடறேனே" என்று நெருங்கினேன். அதற்குள் அவர் ரத்தம் வைத்த கண்ணாடித் துண்டை எடுத்துக் குழாயடியில் கழுவிவிட்டார்.

மறுநாள் கூண்டு வேறு அறைக்குப் போயிற்று. இனிமேல் மத்தியானம் வீட்டுக்கே போய்ச் சாப்பிட்டு வரலாம், தாமதமானாலும் பரவாயில்லை என்று டாக்டர் எனக்கு அனுமதி கொடுத்தார். நான் அதைக் கேட்கவே இல்லை.