எப்போ விழுந்தாரு?

என் வீட்டுக்காரர் குடியை விட்டுவிட்டார் என்று ஊரே நம்பியது. நான் நம்பவில்லை. மரக்காணத்தில் பஸ் ஏறினால் புதுச்சேரி எல்லை ஒன்றும் தூரமில்லை. அதனால் உப்பளத்திலிருந்து அவர் வந்ததும் வாசலிலேயே நிறுத்தி வாயை ஊதச் சொல்வேன். ரோட்டில் வண்டியை மடக்கும் போலீஸ்காரரே உன்னைவிடத் தேவலை என்பார். ஆனாலும் ஊதிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

ஒரு நாள் வெயில் நன்றாக ஏறிய பிறகு, அவருடன் வேலை செய்யும் கூட்டாளி அவரை பைக்கில் கொண்டுவந்து இறக்கினான். நடுவில் உட்காரவைத்து, பின்னால் இன்னொருவன் பிடித்துக்கொண்டிருந்தான். இறக்கிய கையோடு அந்த ஆள் போய்விட்டான்.

"வெயில் தாங்கல அண்ணி. கொஞ்சம் மயக்கம். படுத்தா சரியாயிடும்" என்றான் கூட்டாளி. என் முகத்தைப் பார்க்காமல் பைக்கைப் பார்த்துச் சொன்னான். சரி, ஊற்றிக்கொடுத்தவனே இவன்தான் என்று நினைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரரின் வாயருகே குனிந்தேன். வியர்வை நாற்றம் இருந்தது. சாராய நாற்றம் துளிகூட இல்லை.

தண்ணீர் டம்ளரை நீட்டினேன். வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. நானே வாயில் வைத்துக் கொடுத்தால் கடைவாயில் வழிந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. குடித்தால் அவர் எப்படி உளறுவார் என்பது எனக்கு மனப்பாடம். இது அந்த உளறல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி எலுமிச்சம்பழச் சாற்றோடு ஓடி வந்தாள். வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்று தடுத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன்.

ஆம்புலன்ஸில் வந்தவர் அவரைப் பல்லைக் காட்டச் சொன்னார், இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். வலது கை எழும்பவே இல்லை.

"ஸ்ட்ரோக் மாதிரி தெரியுதுங்க. எப்போ விழுந்தாரு?"

"இப்பதாங்க. விழுந்ததும் நேரா தூக்கிட்டு வந்துட்டோம்" என்றான் கூட்டாளி.

கூட்டாளியும் எங்களோடு ஏறிக்கொண்டான். வண்டி பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போனது. "கிட்ட இருக்கிறத விட்டுட்டு எங்க போறீங்க?" என்று கேட்டேன். "அங்க ஸ்கேன் இல்லைங்க" என்றார். நான் நம்பவில்லை, கமிஷனாக இருக்கும் என்று நினைத்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கக்கூடச் சொல்லாமல் நேராக ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில் ஏழைக்கு இவ்வளவு அவசரம் காட்டுகிறார்களே, எதற்கு என்று அதையும் சந்தேகப்பட்டேன். என் புத்தி அப்படி.

டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். நின்றபடியே பேசினார். "மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கும்மா. ரத்தக் கசிவு இல்ல. அடைப்பைக் கரைக்க ஊசி போடலாம். ஆனா ஆரம்பிச்ச சில மணி நேரத்துக்குள்ள போடணும். அதைத் தாண்டிப் போட்டா மூளையில ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசியா எப்போ நல்லா இருந்தாரு? சரியா சொல்லுங்க."

கூட்டாளி அதே பாட்டைப் பாடினான். "இப்பதாங்க விழுந்தாரு."

நான் அவன் காலைப் பார்த்தேன். முழங்கால்வரை உப்புப் பாத்திச் சேறு, இன்னும் ஈரம் காயவில்லை. ஸ்ட்ரெச்சரில் கிடந்தவரின் கால்களைப் பார்த்தேன். உப்புத் தண்ணீர் முழுக்கக் காய்ந்து, வெள்ளை வெளேரென்று பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஒரே பாத்தியில் நின்றவர்கள், ஒரே பைக்கில் வந்தவர்கள்.

"டாக்டர், இவன் பொய் சொல்றான். இவரு பாத்தியை விட்டு ஏறி ரொம்ப நேரம் ஆயிருக்கு. காலைப் பாருங்க" என்றேன். பிறகு அவன் பக்கம் திரும்பினேன். "ஏம்பா, அவர் உயிரோட விளையாடாத. சொல்லு."

அவன் சுவரோடு சாய்ந்து அழுதான். "விடியறப்பவே விழுந்துட்டாரு அண்ணி. உப்பு வார்ற பலகை கையிலருந்து நழுவிச்சு, வாய் குளறிச்சு. மறுபடி ஆரம்பிச்சிட்டாருன்னு நெனச்சோம். தெளியட்டும்னு உப்புக் கொட்டகையில படுக்க வச்சோம். உங்களுக்குத் தெரிஞ்சா ஊரையே கூட்டுவீங்க, அதான்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஊசிக்கான நேரம் தாண்டிவிட்டது. இடுப்பு வழியாக ட்யூப் விட்டு அடைப்பை எடுக்க முடியுமா என்றும் பார்த்தார்கள். அடைத்திருந்தது உள்ளே இருக்கும் சின்னக் குழாய், அதற்கும் வழியில்லை என்றார்கள். தெரியாமல் ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று அந்தப் பெண் சொன்னதை இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

உயிர் தங்கியது. வலது கை வரவில்லை. பேச்சும் வரவில்லை. சோறு, தண்ணி என்று சில சொற்கள் மட்டும் மிஞ்சின. அவருடைய சிரிப்பும் கிண்டலும் போனதற்கு நான் யாரையும் மன்னிக்கவில்லை.

கூட்டாளி ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து அவரை நடக்கவைக்கிறான். வரும்போதெல்லாம் கேட்பேன், கொட்டகையில் கிடந்தபோது அவர் என்ன சொன்னார் என்று. ஒன்றும் சொல்லவில்லை என்பான். ஒரு பொய் சொன்ன வாய், இதை மட்டும் உண்மையாகச் சொல்லுமா? நான் விடவில்லை. போன வாரம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னாரு அண்ணி. வாய் குளறினாலும் அது மட்டும் புரிஞ்சுது. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு. போதையில கேக்குறாருன்னு விட்டுட்டோம்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"குடிச்சிருந்தா அந்த மனுஷன் எங்கிட்ட வரணும்னு கேப்பாராடா?"