கை ஊன்றாமல் எழுந்திருப்பது

கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போன இடத்தில் வரப்பில் வழுக்கி விழுந்தேன். அதிலிருந்து என் மகன் என்னை வயலுக்கே விடுவதில்லை. நாற்காலியில் உட்கார வைத்துவிட்டான்.

இன்று கள்ளக்குறிச்சியில் டாக்டரிடம் கூட்டிப் போய், "வூட்ல கம்முனு இருக்கச் சொல்லுங்க சார்" என்றான்.

டாக்டர் என்னிடம், "கைய ஊணாம எழுந்திருங்க பெரியவரே" என்றார்.

முடியவில்லை.

"பாத்தீங்களா சார்!" என்றான் மகன்.

"உக்காந்துகினே இருந்தா தொடையில சதை கம்மியாவும், அப்பதான் ஜாஸ்தி விழுவாங்க. தினமும் உக்காந்து எழுந்திருக்கட்டும், நீங்க பக்கத்துல நில்லுங்க. கால் தேறினா வயலுக்குப் போவட்டும்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும், எப்படிச் செய்வதென்று எனக்குக் காட்ட மகன் நாற்காலியில் உட்கார்ந்தான். இரண்டு முட்டியையும் அழுத்திப் பிடித்துத்தான் எழுந்தான்.

"நாளையிலேர்ந்து நீயும் வரப்புல ஏறாதடா" என்றேன்.

உங்கள் வீட்டில் கை ஊன்றாமல் எழுகிறவர் யார்? எழுந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.