மயிலின் கழுத்தில் ஒரு பச்சை விளிம்பு

எங்கள் அச்சகத்தின் கிடங்கில் கிடந்த பழைய பெரிய கேமராவைப் பிரித்துக் காயலான் கடைக்கு அனுப்பிய அன்று, அதன் லென்ஸை மட்டும் நான் கேட்டேன்.

“அத வச்சு என்னம்மா செய்வ?” என்றார் அண்ணாச்சி. அவர்தான் முதலாளி.

“படம் எடுப்பேன்.”

அதை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

கைக்குள் அடங்காத பித்தளை உருளை அது. உள்கண்ணாடியில் பூஞ்சை படர்ந்திருந்தது. பிளாஸ்டிக் குழாய்த் துண்டு, கறுப்பு டேப், இரண்டு ரப்பர் வளையம்: இவற்றைக் கொண்டு என் கேமராவில் பொருத்தினேன். எடுத்த எல்லாப் படத்திலும் இடது மேல் மூலையில் பால் சிந்தியதுபோல் ஒரு மங்கல் விழுந்தது. வெம்பக்கோட்டை அணையையும், ஆலங்குளத்தில் சிமெண்டுத் தூசி படிந்த வேப்பமரங்களையும் அதில்தான் எடுத்தேன்.

நான் அச்சுத் தொழில்நுட்பம் படித்தவள். நிறங்களை ஒன்றின்மேல் ஒன்று இம்மியும் விலகாமல் உட்கார வைப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்கு நேர்மாறாகச் செய்வேன். படக் கோப்பை எழுத்துக் கோப்பாகத் திறந்தால் பக்கம் பக்கமாகப் புரியாத குறிகள் வரும். அதில் சில வரிகளை வெட்டி, வேறொரு படத்தின் வரிகளை ஒட்டிச் சேமித்துவிட்டுப் படமாகத் திறந்தால், வானம் பட்டை பட்டையாக இறங்கி நிற்கும். நிறங்கள் இடம் மாறும். என்ன வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஒரு தவறு செய்தேன். அணைப் படங்களில் ஒட்டுவதற்கு, அலுவலகத்தில் இருந்த மயில் லேபிளிலிருந்து ஐந்தாறு வரிகள் எடுத்தேன். அந்தச் சீசனுக்கான புதுப் பட்டாசு லேபிள் அது. எதற்கும் பெயரிட்டு அடுக்கும் பழக்கத்தில் ‘மயில் அணை 1’, ‘மயில் அணை 2’ என்று எண்ணும் போட்டேன். பென்டிரைவில் வீட்டுக்குக் கொண்டு போனேன்.

பட்டாசு வாங்குகிறவர்கள் பெயரைப் படிப்பதில்லை, பெட்டிமேல் இருக்கும் படத்தைத்தான் தேடுவார்கள். புது லேபிள் முன்கூட்டி வெளியே கசிந்தால் அதே படத்தோடு வேறொரு கம்பெனிப் பெட்டி கடைக்கு முந்திவிடும். லேபிள் திருடி என்று பெயர் எடுத்தவளுக்குச் சிவகாசியில் எந்த அச்சகமும் நாற்காலி போடாது.

ஒரு புதன்கிழமை மாலை அண்ணாச்சி என்னையும் மெஷின் ஓட்டும் அண்ணனையும் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் வேறொரு கம்பெனியின் பெட்டி. அதில் எங்கள் மயில்.

“நம்மகிட்ட அடிச்சது இல்ல அண்ணாச்சி. பாருங்க, நிறம் விலகியிருக்கு,” என்றேன். மயிலின் கழுத்துக்கு வெளியே பச்சையாக ஒரு விளிம்பு தெரிந்தது.

“அதத்தான் நானும் சொல்றேன். நிறத்த விலக்கி வெளையாடுற ஆளு இங்கன ஒண்ணுதான இருக்கு? பென்டிரைவ்ல என்ன கொண்டு போற?”

அவருடைய கணினியிலேயே போட்டுக் காட்டினேன். கோப்புப் பெயர்களைப் பார்த்ததும் அவர் கண் சுருங்கியது. “மயிலுன்னு போட்டிருக்கு, மயிலக் காணோம். பூட்டுப் போட்டு ஒளிச்சு வச்ச மாதிரில்லா இருக்கு.”

“ஏத்தா, படம் கெட்டுப் போகணும்னே கெடுக்கியா?” என்று மெஷின்கார அண்ணன் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த லேபிளைத் தொட்டவர்களை மனத்தில் வரிசைப்படுத்தினேன். ஒன்று, நான். இரண்டு, அண்ணாச்சி. மூன்று, இவர். இவருடைய மச்சினன் விஸ்வநத்தத்தில் இன்னொரு அச்சகத்தில் இருக்கிறார். மூன்றின் அடியில் மனத்துக்குள்ளேயே கோடு போட்டேன்.

அப்போது எதிர்க்கடை டீயும் வடையும் வந்தன. அண்ணாச்சி பொட்டலத்தைப் பிரித்தார். எண்ணெய் ஊறிய தாளில், வடைக்கு அடியில், மயில்.

வடையைத் தள்ளிவைத்துவிட்டுத் தாளைப் பெட்டிக்குப் பக்கத்தில் விரித்தேன். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியை இரண்டின்மேலும் வைத்தேன். கழுத்தில் அதே பச்சை விளிம்பு, அதே அளவு. மெஷினில் நிறங்கள் சேரும்வரை முதலில் ஓடும் தாள்கள் இப்படித்தான் விலகி வரும். அவற்றைச் செட்டிங் தாள் என்போம். அதில் ஒன்றைப் பார்த்து அடித்தவர்கள் பிழையையும் சேர்த்தே அடித்திருந்தார்கள். என்னிடம் இருந்த கோப்பில் விலகலே கிடையாது.

“இது கடைக்கு எப்படிலே போச்சு?” என்று மெஷின்கார அண்ணனைக் கேட்டார் அண்ணாச்சி.

“நீங்கதான அண்ணாச்சி சொன்னீக, வேஸ்ட எதுக்கு எரிக்கணும், எதுத்த கடைக்குக் குடுங்கன்னு? வருசம் பூரா அப்படித்தான போவுது. ஊரே நம்ம லேபிள்லதான் வடை திங்குது.”

அண்ணாச்சி வடையை வைக்க வேறு தாள் தேடினார். அறையில் அச்சடிக்காத தாள் ஒன்றுகூட இல்லை. கையிலேயே வைத்துக்கொண்டார்.

“சரி. ஆனா இதுக்குள்ள நம்ம லேபிள் இருக்குல்லா?” என்று என் பென்டிரைவைக் காட்டினார்.

“அஞ்சாறு வரி இருக்கு அண்ணாச்சி.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

“அழிச்சிரு.”

அவர் பார்த்துக்கொண்டிருக்க, மயில் அணை ஒன்றிலிருந்து பதினான்குவரை ஒவ்வொன்றாக அழித்தேன். வேலை போகவில்லை. அவர் மன்னிப்பும் கேட்கவில்லை.

இப்போது செட்டிங் தாள்களைக் குறுக்கே கிழித்த பிறகுதான் வெளியே விடுகிறோம். மாலையில் கிளம்பும்போது, கேட்பதற்கு முன்பே பையைத் திறந்து காட்டுகிறேன். அண்ணாச்சி லென்ஸை வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்கிறார். பூஞ்சையைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும். மெஷின்கார அண்ணன் எனக்குப் பின்னால் முறைக்கு நிற்கிறார். அவருடைய சாப்பாட்டுத் தூக்கின் மூடியை, அண்ணாச்சிக்கு முன்பாக, நான் பார்த்துவிடுகிறேன்.