எந்தப் பாதையால் போனாள்?

வெளிக்கிட்டுப் போகும் ஆளிடம் ‘எங்கே போகிறாய்’ என்று கேட்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கேட்டால் போகிற காரியம் உருப்படாது. சட்டத்தைக் காப்பாற்றுகிறவள் என் மனைவி. ஊரிலிருந்து அவள் கொண்டுவந்த சாமான்களில் பாதி எங்கே போயிற்றென்று தெரியாது. இந்தச் சட்டம் மட்டும் ஓஸ்டர்முண்டிகன் என்ற இந்தக் குளிர்தேசத்து ஊரில், மூன்றாம் மாடியில் ஒரு கீறல் விழாமல் இருக்கிறது. இடம் தெரிந்தே ஆகவேண்டுமென்றால் ‘தூரமோ?’ என்று கேட்கலாம். போகிறவருக்கு விருப்பமிருந்தால் இடத்தைச் சொல்லுவார். புறப்பட்ட ஆளைப் பின்னால் நின்று கூப்பிடவும் கூடாது.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் நம்புகிறவளோடு குடும்பம் நடத்துகிறவன் நம்பாமல் இருந்து என்ன பயன்? நானும் பழகிவிட்டேன். இப்போது வேலையிடத்தில், ஆஸ்பத்திரிச் சமையலறையில், யாராவது கோட்டை மாட்டினால்கூட எங்கே என்று என் வாயில் வராது.

போன கோடையில் ஒரு சனிக்கிழமை மகள் எங்களை மலையேரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் ஃப்ரிபூர்க்கில் படிக்கிறாள், அங்கேயே அறை எடுத்திருக்கிறாள். முன்பெல்லாம் வாரக்கடைசியில் உடுப்பு மூட்டையோடு வீட்டுக்கு வருவாள். அந்த வருடம் வரவு குறைந்துவிட்டது. கேட்டால் பல்கலைக்கழகச் சோதனை, அல்லது ‘வாண்டர்ன்’. இந்த நாட்டார் சும்மா மலையில் ஏறி இறங்குவதற்குச் சொல்லும் பேர் அது. சும்மா நடக்க எனக்குத் தெரியாது. இந்த நாட்டுக்கு வரும்போது எல்லைக் காட்டுக்குள்ளால் நடந்த நடை ஒரு ஆயுளுக்குப் போதும். இருந்தாலும், “ஒருக்காலாவது என்னோட வாங்கோவன்” என்று அவள் கேட்டபோது, பிள்ளையை ஒரு நாள் முழுக்கப் பார்க்கலாமே என்றுதான் சம்மதித்தேன்.

ரயில், பஸ், கடைசியில் கேபிள் கார். மனைவி மசாலா பிரட்டிய கோழியை மூடி போட்ட வாளியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கேபிள் காருக்குள் எல்லோரும் வெளியே பனிமலையைப் பார்த்தார்கள், பிறகு மணம் பிடித்து வாளியைப் பார்த்தார்கள். ஏரிக்கரையில் விறகும் அடுப்பும் பொதுவாக வைத்திருந்தார்கள். கோழி சுட்டோம். புட்டும் சம்பலும் வீட்டிலிருந்து வந்திருந்தன. தண்ணீர் பச்சை நீலமாக இருந்தது. மூன்று பக்கமும் செங்குத்தான பாறை. வெயிலில் நல்லாய்த்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

சாப்பிட்டு முடிய மகள் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

“நான் ஒரு சுற்று நடந்திட்டு வாறன்.”

‘எங்கே’ என்று எனக்கு நாக்கு நுனியில் வந்துவிட்டது. மனைவி பார்த்தாள். விழுங்கிவிட்டு, “தூரமோ பிள்ளை?” என்றேன்.

“இல்லையப்பா, கிட்டத்தான்.”

இங்கே பிறந்த பிள்ளை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாள். மஞ்சள் கைகாட்டி மரத்தடியில் ஒரு கணம் நின்றாள். அதற்குள் பிள்ளைகுட்டிகளோடு ஒரு பெரிய கூட்டம் குறுக்கே வந்தது. கூட்டம் விலகியபோது மகளைக் காணவில்லை. கூப்பிட்டிருப்பேன். மனைவியின் கை என் மணிக்கட்டில் இருந்தது.

நான் புல்லில் படுத்து ஒரு குட்டித் தூக்கம் போட்டிருப்பேன். குளிர்தான் எழுப்பியது. பாறைச் சுவருக்குப் பின்னாலிருந்து கறுத்த முகில் ஒன்று ஏரியின் பாதியை மூடியிருந்தது. படகு வாடகைக்குக் கொடுக்கிறவன் கரையில் நின்று கையை ஆட்டி எல்லாப் படகுகளையும் திரும்பி வரச் சொன்னான். சனம் பாய்களைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. மனைவி வாளியை இறுக்கப் பிடித்தபடி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் வரேல்லை,” என்றாள்.

போன் அடித்தேன். தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு பெண்குரல் ஜெர்மனில் நிதானமாகச் சொன்னது. திரும்ப அடித்தேன். அதே நிதானம். அந்தக் குரலின் கழுத்தைத் திருக வேண்டும்போல இருந்தது.

முதல் இடி விழுந்ததோடு கேபிள் காரை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் ஏரிக்கரை உணவகத்துக்குள் ஓடினோம். பணிசெய்யும் பெண்ணுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். அவளிடம், மகள் நடக்கப் போனாள், திரும்பவில்லை, போனும் வேலை செய்யவில்லை என்றேன். அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

“எந்தப் பாதையால் போனாள்?”

பாதை இரண்டு இருக்கிறதென்பதே எங்களுக்குத் தெரியாது.

அந்தப் பெண் எங்களை யன்னலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். கீழ்ப்பாதை வலக்கரையோரமாகப் போய் அருவியடியில் முடிகிறது. தள்ளுவண்டியில் குழந்தையையும் தள்ளிக்கொண்டு போகலாம். மேல் பாதை இடப்பக்கம் ஏறுகிறது. பாறைச் சுவரின் இடுப்பில் கம்பிக் கயிற்றைப் பிடித்து நடக்க வேண்டும். மழையில் கல் வழுக்கும். சுற்றி வந்து திரும்பவும் இடக்கரையில்தான் இறங்கும். ஒன்றுக்கும் மற்றதுக்கும் தொடர்பில்லை. “தேடுவதென்றால் மீட்பு ஆட்கள் முதலில் இதைத்தான் கேட்பார்கள்,” என்றாள். அவள் எங்களைக் கேவலமாகப் பார்த்திருந்தால் சமாளித்திருப்பேன். அவள் பரிதாபமாகப் பார்த்தாள். வளர்ந்த பிள்ளையோடு வந்த தாயும் தகப்பனும், பிள்ளை எங்கே போகிறாளென்று ஏன் கேட்கவில்லை? இதை நான் எந்தப் பாஷையில் விளங்கப்படுத்துவது?

“உம்மடை சாத்திரம்!” என்றேன் மனைவியிடம், பல்லைக் கடித்துக்கொண்டு.

“நீங்கள் கேட்டிருக்கலாம்தானே? நான் உங்கடை வாயைப் பொத்தினனானோ?”

“பார்த்தீர்தானே, அந்தப் பார்வை!”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுகிறாளா, மழைத் தண்ணீரா என்று நான் பார்க்கவில்லை. பார்த்தால் எனக்கும் வந்துவிடும்.

கிட்டத்தான் என்று சொன்ன பிள்ளை கீழ்ப்பாதையால்தான் போயிருப்பாள். அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு மழைக்குள் இறங்கினேன். எதிரே நனைந்து ஓடிவந்தவர்கள் அந்த நேரத்திலும் ‘குரூஸக்’ என்று வணக்கம் சொன்னார்கள். நான் ஒவ்வொருவரையும் மறித்தேன். தனியாக ஒரு பெண்ணைக் கண்டீர்களா? எப்படி இருப்பாள்? என்ன நிற மழையங்கி? தெரியாது. பைக்குள் என்ன வைத்திருந்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? வேறு வழியில்லாமல் என் முகத்தையே சுட்டிக் காட்டினேன். இந்த நிறம், இந்த மூக்கு. ஒரு கிழவர் என் முகத்தைக் கவனமாகப் படித்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினார்.

அருவி தெரிந்தது. அடியில் ஒருவரும் இல்லை.

பயம் எனக்குப் புதிதல்ல. ஊரில் பயந்தபோது தெரு முழுக்க ஒன்றாகப் பயந்தோம். பதுங்குகுழிக்குள் பக்கத்தில் ஒரு தோளாவது இருந்தது. இங்கே என்னைத் தாண்டி எல்லோரும் காய்ந்த இடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் போன் அடித்தது. தெரியாத இலக்கம். எங்கள் வயதுக்காரருக்குத் தெரியாத இலக்கம் என்றாலே ஊரிலிருந்து சாவுச் செய்திதான். எடுத்தேன்.

“வணக்கம் அங்கிள். உங்களுக்கு என்னைத் தெரியாது.” இளம் ஆண்குரல். தமிழ்தான், ஃப்ரிபூர்க் பக்கத்துப் பிரெஞ்சு கொஞ்சம் ஒட்டியிருந்தது. “உங்கடை மகள் வந்திட்டாவோ?”

“இல்லை.”

அவன் ஒப்புவிப்பதுபோல் வேகமாகச் சொன்னான். “அவ மேல் பாதையால போறன் எண்டு சொன்னவ அங்கிள். மூண்டு மணிக்குள்ள மெசேஜ் போடுவன், போடாட்டி அப்பாவுக்கு எடு எண்டு நம்பர் தந்தவ. போன்ல சார்ஜ் குறைவு எண்டும் சொன்னவ. மஞ்சள் ரெயின்கோட். போன கிழமையிலயிருந்து இடது முழங்கால் நோகுது, அதால இறங்கேக்க மெல்லமாத்தான் வருவா.”

எனக்கு அவளுக்கு முழங்கால் நோகும் என்றே தெரியாது.

யார் இவன் என்று கேட்டிருக்க வேண்டும். எந்த ஊர், யாருடைய மகன், எவ்வளவு காலமாக என்று எந்தத் தகப்பனுக்கும் கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது, ஆத்திரமும் சேர்ந்துதான் வந்தது. ஆனால் என் பிள்ளை நிற்கும் இடம் தெரிந்த ஆள் உலகத்திலேயே இவன் ஒருவன்தான்.

“சரி தம்பி,” என்றேன்.

“அங்கிள்,” என்றான். “அவவைக் கண்டவுடனே எனக்கு ஒருக்காச் சொல்லுவீங்களோ? நான் போனைக் கீழ வைக்கமாட்டன்.”

திரும்பி ஓடினேன். உணவக வாசலில் அந்தப் பணிப்பெண் என் மனைவியைக் கதிரையில் இருத்தித் தேநீர்க் கோப்பையைக் கையில் கொடுத்திருந்தாள்.

“மேல் பாதை,” என்றேன்.

“ஆர் சொன்னது?”

“பிறகு சொல்லுறன்.”

நான் இடப்பக்கத்தைக் காட்டியதும் பணிப்பெண் தன்னுடைய மழையங்கியை எடுத்து என் தோளில் போட்டு, பெரிய இடி தள்ளிப் போய்விட்டது, கம்பிக் கயிறு தொடங்கும் இடத்தைத் தாண்டிப் போகாதே, இன்னும் கொஞ்சத்தில் நான் மீட்பு ஆட்களுக்கு எடுக்கிறேன் என்றாள்.

கல்லுகளில் பாதையைக் காட்ட வெள்ளை சிவப்பு வெள்ளைக் கோடு பூசியிருந்தது. கோட்டைத் தவிர வேறொன்றையும் பார்க்காமல் ஏறினேன். என் காலில் இருந்தது மலிவுவிலையில் வாங்கிய ஓட்டச் சப்பாத்து. கழுவிவிட்ட சமையலறைத் தரையில் நடப்பதுபோல் அடியைச் சின்னதாக வைத்தேன். ஒரு இடத்தில் வழுக்கி முழங்கையில் விழுந்தேன். கீழே ஏரி சாம்பலாகிக் கிடந்தது. மத்தியானம் அழகென்று நான் சொன்ன அதே ஏரி. அதைப் பார்க்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது. நேராக விழுந்தால் அதற்குள்தான். பெயர் சொல்லிக் கத்தினேன். பாறை திருப்பிக் கத்தியது, மழை அதையும் அமத்தியது.

கம்பிக் கயிறு தொடங்கும் இடத்தில் நின்றேன். தாண்டிப் போகாதே என்றிருந்தாள். ஒரு காலைத் தூக்கி வைத்தும்விட்டேன். அப்போது மேலே, கல் படிகளில், ஏதோ மஞ்சளாக அசைந்தது.

அவள் குந்திக் குந்தி இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு படியில் இருப்பாள், கயிற்றை மாற்றிப் பிடிப்பாள், இடது காலை நீட்டியபடி அடுத்த படிக்கு வழுகுவாள். என்னைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

“அப்பா! இந்தச் சப்பாத்தோடையோ ஏறினனீங்கள்? விசரே உங்களுக்கு?”

அவ்வளவு இனிமையான ஏச்சை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கிட்ட வந்ததும் பிடித்துக்கொண்டேன். முழங்கால் பணியாரம்போல் வீங்கியிருந்தது. மேலே மாட்டுத் தொழுவத்தில் இடி விடும்வரை ஒதுங்கி நின்றாளாம், போன் செத்துவிட்டதாம். அழக் கூடாது என்று நினைத்தேன். அழுதேன். மழை பெய்ததால் பாதகமில்லை.

அவள் என் தோளில் கையைப் போட்டு மூச்சு வாங்கினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “இந்தப் பாதை எண்டு எப்பிடியப்பா தெரியும்?”

“ஒருத்தர் போன் எடுத்தவர்.”

அவளுடைய கை என் தோளில் இறுகியது. “அப்பா, நான் சொல்லத்தான் இருந்தனான். சோதனை முடிய...”

நான் போனை எடுத்து மழையங்கிக்குள் விட்டு, சட்டையில் துடைத்தேன். திரையில் அந்த ஒரே இலக்கத்திலிருந்து தவறிய அழைப்புகள் கீழே கீழே வரிசையாகக் கிடந்தன. நான் கத்திக்கொண்டு ஏறிய நேரம் முழுக்க அவன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

“கதையெல்லாம் பிறகு. இந்தா, எடு.”

“முதல்ல அம்மாவுக்கு...”

“அம்மாவுக்குப் பக்கத்தில அந்த மனுசி இருக்கிறா,” என்றேன். “அந்தப் பிள்ளை அங்க தனியப் பயந்துகொண்டிருக்குது. முதல்ல அவருக்குச் சொல்லு.”