பச்சை டிக் வாங்கிய தூக்குவாளி

1. இலை கீரையான நாள்

எங்கள் ஆஸ்பத்திரிக்கு அந்த ஆப் வந்த முதல் நாளே வாழை இலையைக் கீரை என்று சொல்லிவிட்டது.

தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் சர்க்கரை நோய்ப் பிரிவில் நான் டயட்டீஷியன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். நோயாளிகள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதுவதுதான் பாதி வேலை. "எவ்வளவு சோறு சாப்பிட்டீங்க?" என்றால் "கொஞ்சமாத்தான் மேடம்" என்பார்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கண்டுபிடிப்பதற்குள் அடுத்த டோக்கன் உள்ளே வந்துவிடும்.

ஆப் வந்ததே அதற்காகத்தான். சாப்பிடும் முன் தட்டைப் போட்டோ எடுத்தால் போதும். ஏஐ படத்தைப் பார்த்து மாவுச்சத்து இவ்வளவு, புரதம் இவ்வளவு என்று சொல்லும். அளவுக்குள் இருந்தால் பச்சை டிக், மீறினால் சிவப்பு.

கேன்டீனில் எங்கள் டாக்டர் சாப்பிட உட்கார்ந்த இலையைத்தான் முதலில் படம் எடுத்தோம். "கீரை சாலட், பெரிய பங்கு" என்று வந்தது.

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "விடுங்க, இலையையும் சேத்துத் தின்னுடறேன். நார்ச்சத்துதானே!"

கம்பெனியிலிருந்து வந்திருந்த பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. "படம் நிறைய அனுப்பினா கத்துக்கும் மேடம்" என்றார். அனுப்பினோம். அடை, பணியாரம், வாழைப்பூப் பொரியல் எல்லாம் போயின. ஒரே மாதத்தில் அவியலையும் கூட்டையும் பிரித்துச் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டது. எனக்கே அதன் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

2. கலியமூர்த்தியின் பச்சை டிக்குகள்

கலியமூர்த்தி பூதலூர் பக்கத்து ஊர்க்காரர். ஐம்பத்திரண்டு வயது. நெல் அறுவடை மிஷின் ஓட்டுகிறார். வலது கால் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு புண், ஆறாமல் இருந்தது. "சர்க்கரை இறங்கலைன்னா விரலை எடுக்க வேண்டி வரும்" என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார்.

மனிதர் பயந்துபோய் ஆப்பை ஒரு வேளைகூட விடவில்லை. சம்பா அறுவடை நேரம். வயலில் உட்கார்ந்து சாப்பிடும் மதியச் சாப்பாட்டின் படமும் தவறாமல் வரும். கீரை, அவரைக்காய், மேலே ஒரு முட்டை. தினமும் பச்சை டிக். நான் மற்ற நோயாளிகளிடம் அவரைத்தான் உதாரணம் காட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. கொஞ்சம் ஏறியிருந்தது. டாக்டர் ரிப்போர்ட்டை என் மேஜையில் வைத்து, "உங்க டயட் சார்ட் தப்பா, அவர் தப்பா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. உடனே கலியமூர்த்திக்குப் போன் போட்டேன்.

"போட்டோவுக்கு ஒண்ணு, சாப்பிடறதுக்கு ஒண்ணா? உண்மையைச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "நான் பொய் சொல்ற ஆளு இல்லைங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து படம் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. ஒரு வாரம் போனது. அந்தக் கால் நினைப்பாகவே இருந்தது. ரிப்போர்ட்டில் இருந்த அவர் மனைவி வசந்தாவின் நம்பருக்குப் பேசினேன். "அவரு கோவமா இருக்காருங்க. நீங்க வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

3. மொபெட்டில் போனது

சனிக்கிழமை பாசஞ்சர் பிடித்துப் பூதலூரில் இறங்கினேன். வசந்தா மொபெட்டோடு ஸ்டேஷன் வாசலில் நின்றார். வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் நேரம். பின்னால் ஏறி உட்கார்ந்ததும், "இதை மடியில வச்சுக்குங்க" என்று ஒரு தூக்குவாளியைக் கொடுத்தார்.

வாய்க்கால் ரோட்டில் இரண்டு குலுக்கல் ஆவதற்குள் தொடை வலித்தது.

"என்னங்க, இவ்வளவு கனக்குது?"

"சோறுதாங்க. ஒன்றரை டம்ளர் அரிசி. நல்லா அமுக்கி வச்சு, மேல காயைப் பரப்பிடுவேன். அவரு கையால அறுப்பு அறுத்தப்போ இருந்து இதே அளவுதான்."

எனக்கு வண்டியிலேயே விஷயம் விளங்கிவிட்டது. தூக்குவாளியைத் திறந்ததும் மேலிருந்து எடுப்பதுதான் போட்டோ. ஏஐ கண்டது கீரையும் முட்டையும் ஓரத்தில் எட்டிப் பார்த்த சோறும்தான். அதை வைத்து ஒரு கப் சோறு என்று போட்டிருந்தது. உள்ளே இருந்தது நாலு கப். கலியமூர்த்தி அனுப்பிய ஒவ்வொரு படமும் நிஜம். அவரோ இப்போது நாள் முழுக்க சீட்டில் உட்கார்ந்து மிஷின் ஓட்டுகிறார்.

வரப்பில் என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார்.

"தப்பு என் மேலதாங்க. உங்களைப் பொய் சொல்றீங்கன்னுட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றேன்.

அவர் என் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கிக் கீழே வைத்தார். "சரி, முதல்ல சாப்பிடுங்க மேடம். வெயில்ல வந்திருக்கீங்க."

நான் அப்படியே சாப்பிட விடவில்லை. பெரிய தாம்பாளம் ஒன்றை வசந்தா பக்கத்துக் கொட்டகையில் வாங்கி வந்தார். எல்லாவற்றையும் அதில் கொட்டிப் பரப்பிப் படம் எடுத்தோம். ஆப் பளிச்சென்று சிவப்புக் காட்டியது.

"இப்பதான் அதுக்குக் கண்ணு தெரிஞ்சிருக்கு!" என்று வசந்தா சிரிக்க, கலியமூர்த்திக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சோற்றை மூன்று பேரும் பகிர்ந்து சாப்பிட்டோம். மூன்று பேருக்கும் வயிறு நிறைந்தது.

அன்றிலிருந்து முக்கால் டம்ளர் அரிசி, காய் இரண்டு பங்கு. பசித்தால் நடுவில் சுண்டல். காலுக்கு மெத்தென்ற செருப்பு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் டிரெஸ்ஸிங். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. புண் மூடி இளந்தோல் வந்திருந்தது. "ஆப் நல்லா வேலை செய்யுது போல" என்றார் டாக்டர்.

"அதுக்கென்ன சார் தெரியும்? மேடம்தான் வண்டியில வந்து தூக்கிப் பாத்தாங்க" என்றார் கலியமூர்த்தி.

அந்த ஆப்பை இன்றும் தினமும் உபயோகிக்கிறேன், நல்ல உதவிதான். ஆனால் எங்கள் நோயாளி ஃபார்மில் ஒரு வரி புதிதாகச் சேர்த்திருக்கிறேன்: "வீட்டில் சமைப்பவர் பெயர், போன் நம்பர்." புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். படமும் ரத்தமும் ஒத்துப்போகவில்லை என்றால், சாப்பிட்டவரைத் திட்டும் முன் சமைத்தவருக்கு ஒரு போன் போடுங்கள். மூன்று மாதப் படங்களில் நான் பார்க்காததை வசந்தா ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அதுவரை அவரை யாரும் கேட்டிருக்கவில்லை.