எதிர் ஃப்ளாட்டில் கட்டிய தூளி

பெருங்களத்தூரில் எங்கள் எதிர் ஃப்ளாட்டுக்கு ஸ்வீடனிலிருந்து ஒரு தம்பதி வந்திருக்கிறார்கள். இங்கே ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட் வந்ததும் ஊருக்குப் போவார்கள்.

குழந்தை தூங்குவதே இல்லை, ஒரே அழுகை. இன்று மதியம் அந்தப் பெண்ணும் அழுதுகொண்டே என் கதவைத் தட்டினாள். செக்யூரிட்டியிடம் கற்ற ஒரே தமிழ்ச் சொல்லோடு, "அக்கா, ஷி டஸ் நாட் லைக் மீ" என்றாள்.

போய்ப் பார்த்தால் புதுக் கட்டில், பஞ்சு மெத்தை.

"கொழந்தைங்க ஹோம்ல தூளியிலயே தூங்கின கொழந்தைம்மா, இதுல எப்படித் தூங்கும்?" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, ஹாலில் இருந்த ஊஞ்சல் கொக்கியில் என் பழைய நூல் புடவையைக் கட்டினேன்.

"பேபி ஹேங்கிங்? நோ, நோ!" கணவர் குறுக்கே வந்தார். ஆறடிக்கு மேல் உயரம். முதலில் தானே பிடித்துத் தொங்கிப் பார்த்தார். முருகன் புண்ணியத்தில் கொக்கியும் தப்பியது, புடவையும் தப்பியது.

குழந்தையைக் கிடத்தி, அவளையே ஆட்டச் சொன்னேன். அவள் விரலைப் பிடித்தபடியே குழந்தை தூங்கிப்போனது.

"அக்கா, ஷி லைக்ஸ் மீ!" என்று கிசுகிசுத்தாள்.

புடவையை ஊருக்கு எடுத்துப் போகிறார்களாம். ஸ்வீடனில் இருக்கும் நம்மவர்களே, கொஞ்சம் தலை நிமிர்ந்து பார்த்துச் சொல்லுங்கள், அங்கே வீடுகளில் கொக்கி உண்டா?