குப்புராஜ் வைத்த சந்தனப் பொட்டு

எந்த ஊர்க் கரண்டைப் பற்றிக் கேட்டாலும் குப்புராஜிடம் ஒரே பதில்தான்: "நோஞ்சான்." அரூர்ப் பக்கம் இருபது வருஷம் பம்புசெட் மோட்டார்களுக்கு வைத்தியம் பார்த்தவர். அங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் மோட்டாரைப் போட்டால் கரண்டு முக்கி முனகிக்கொண்டுதான் வரும். அந்த இருபது வருஷத்தில் அவர் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். அதை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டார். சனங்களும் 'வோல்டேஜ் குப்புராஜ்' என்று பட்டம் கொடுத்துவிட்டார்கள். சட்டைப் பையில் டெஸ்டர் இல்லாமல் அவர் ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லை. மீட்டர் வைத்து அளப்பது மட்டும் அவருக்குக் கௌரவக் குறைச்சல். "டெஸ்டர் எரியிற அழகுலயே தெரிஞ்சிடுமுங்க" என்பார்.

அப்பேர்ப்பட்டவருக்கு அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலையில் எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்தது. ஆலைக்குத் தனி லைன், சொந்த டிரான்ஸ்பார்மர். அங்கே வருகிற கரண்டு தின்று கொழுத்த காளை. ஆனால் அதை அவரிடம் யார் சொல்வது? சொன்னாலும் கேட்கிற காது அவருக்கு இல்லை.

போன ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் புது சார்ஜர் ஒன்று வந்து இறங்கியது. மாங்கூழ் பீப்பாய்களைத் தூக்கி லாரியில் ஏற்றும் ஃபோர்க்லிப்ட்டின் பேட்டரிக்கு அதுதான் சோறு போட வேண்டும். அதற்குள்ளும் ஒரு டிரான்ஸ்பார்மர் உண்டு. 380, 400, 415, 440 என்று நான்கு முனைகள். ஆலைக்கு எத்தனை வோல்ட் வருகிறதோ, அதை ஒட்டிய முனையில் வயரை மாட்ட வேண்டும். வருவதைவிடக் குறைந்த முனையில் மாட்டினால் பேட்டரிக்குள் கரண்டு அளவுக்கு மீறிப் பாய்ந்து, அது கொதிக்கும். இவ்வளவுதான் சங்கதி.

குப்புராஜ் அளந்தாரா? அளப்பாரா? "நம்ம ஊரு கரண்டுக்கு 380 போட்டாத்தான் தாங்கும்" என்று வயரை மாட்டினார். அதோடாவது விட்டாரா? பூஜையன்று மெயினை நிறுத்தி மூடியைத் திறந்து, வயரின் நுனியும் 380 என்ற எண்ணும் சேர்ந்து மூடும்படி கெட்டியாகச் சந்தனம் அப்பினார். நடுவில் குங்குமம். வேறு யாரும் தொடக்கூடாது என்பதற்கு அவர் போட்ட முத்திரை அது. "இந்த ஆலையில கரண்டு சாமானுக்குப் பொட்டு வெக்கிற கை இது ஒண்ணுதான்" என்று வலது கையைத் தூக்கிக் காட்டினார். பொரி வாங்க நின்ற சுமைக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவள் மணிமேகலை. ஆலையில் வண்டி ஓட்டும் ஒரே பெண். அவள் வூட்டில் அடுப்பு எரிவதும் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் அந்த வண்டிச் சாவியால்தான். பேட்டரி சூடாவதையும், மூக்கை அரிக்கிற நெடி வருவதையும் முதலில் கண்டவளும் அவளே.

"அண்ணா, பேட்டரி கொதிக்குதுங்க. தண்ணி ஊத்தி மாளல."

"நல்லா தண்ணி குடிக்கிற மாடுதாம்மா நல்லா கறக்கும். நீ போயி வண்டிய ஓட்டு."

மாடு தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தது. மாம்பழப் பருவத்தின் நடுவில், வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்ற நாளில், ஒரேயடியாகப் படுத்துவிட்டது. மேனேஜர் சிவக்குமார் பீப்பாய் ஏற்றும் தளத்துக்கே ஓடி வந்து, "யாரால ஆச்சு?" என்று கத்தினார்.

குப்புராஜ் மணிமேகலையின் பக்கம் கையை நீட்டினார். "இந்தப் பொண்ணு வண்டிய முரட்டுத்தனமா ஓட்டுது சார். சார்ஜரையும் தொறந்து நோண்டியிருக்கும். கேட்டா பேட்டரி கொதிக்குதுங்குது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

"இனி நீ வேலைக்கு வர வேணாம்மா" என்றார் சிவக்குமார். மணிமேகலை அழவில்லை. சாவியை அங்கிருந்த மேசையில் வைத்துவிட்டு, குப்புராஜை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பாவம் செய்துவிட்டோம் என்று தெரிந்தது. ஆனால் அவள் பிழைப்பா, தன் பெயரா என்று வந்தபோது, பெயர்தான் கனமாக இருந்தது. மோரை ஊற்றிச் சோற்றை உள்ளே தள்ளினார்.

இரண்டு நாள் கழித்து, ஓசூரிலிருந்து மாற்று பேட்டரியோடு சார்ஜர் கம்பெனி ஆள் தௌபிக் வந்தான். முதல் வேலையாக மீட்டரை வைத்தான். 432 காட்டியது. சார்ஜரின் மூடியைத் திறந்தவன் சிரித்துவிட்டான்.

"380-ல மாட்டியிருக்கு சார். பேட்டரிய அவிச்சே கொன்னிருக்காங்க."

"அதான் சொன்னேனே, அந்தப் பொண்ணு நோண்டின வேலை" என்று முந்திக்கொண்டார் குப்புராஜ்.

"நோண்டலீங்களே. வயரையும் நம்பரையும் சேத்து யாரோ பொட்டு வெச்சிருக்காங்க. காஞ்சு ஒட்டிக்கெடக்குது, ஒரு கீறல்கூட இல்ல. அன்னைக்கி மாட்டினத இன்னைக்கி வரைக்கும் யாரும் தொடல."

சுற்றி நின்ற சுமைக்காரர்களின் கண்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. குப்புராஜ் வலது கையை மெல்லப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். தௌபிக் சந்தனத்தைச் சுரண்டி, வயரைக் கழற்றி 440-ல் மாட்டினான்.

சிவக்குமார் கத்தவில்லை. "நீங்களே போயி அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வாங்க" என்றார். அவள் சொன்னதை ஒரு வார்த்தைகூட விசாரிக்காமல் வெளியே அனுப்பிய தன் அவசரத்தைப் பற்றி அவர் பேசவில்லை. மேனேஜர்கள் அதையெல்லாம் பேசுவதில்லை.

மணிமேகலை வூட்டு வாசலில் குப்புராஜ் குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தார். "ஏதோ நடந்து போச்சும்மா..."

"இங்க சொல்லாதீங்கண்ணா. எங்க நின்னு எம்மேல பழி போட்டீங்களோ, அங்கயே வந்து சொல்லுங்க."

சொல்லிவிட்டு ஆலைக்கு வந்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். சுமைக்காரர்கள் பீப்பாய்களை விட்டுவிட்டுக் கூடினார்கள். குப்புராஜ் கனைத்துக்கொண்டார்.

"நம்ம ஊரு கரண்டு பாத்தீங்கன்னா, எப்பவுமே நோஞ்சான்..."

மணிமேகலை சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தினாள். "கரண்டப் பத்தி யாரும் கேக்கலீங்க."

அவர் சிவக்குமாரைப் பார்த்தார். சிவக்குமார் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் தப்பா மாட்டினேன்" என்றார் குப்புராஜ், வாய்க்குள்ளேயே.

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

"நான்தான் தப்பா மாட்டினேன். இந்தப் பொண்ணு எதையும் தொடல."

அவள் மறுபடி சாவியைத் திருகினாள். "தள்ளி நில்லுங்கண்ணா, லாரி காத்துக்கிட்டு இருக்குது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.